குரூஸ் கப்பலில் வீல்சேர் கேபின்: யாருக்குச் சேர வேண்டியது, எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: அம்மா எழுந்து நிற்க முடியாதவர், முழு நேரமும் வீல்சேர்தான். அடுத்த கோடையில் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் 7 இரவு கரீபியன் குரூஸுக்கு அழைத்துப்போக நினைக்கிறோம். இணையதளத்தில் சாதாரண கேபின்கள் நிறைய காலியாக இருக்கின்றன, வீல்சேர் கேபின் மட்டும் ஒன்றுகூட இல்லை. நன்றாக நடப்பவர்களே இடம் பெரிதாக இருக்கிறதென்று அந்த கேபின்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இதைத் தடுக்க விதி இல்லையா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

விதி இருக்கிறது, அதுவும் தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த விதியின் பேரைச் சொல்லிக் கேட்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வேலை செய்கிறது. அதனால் முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற வெளிநாட்டுக் கொடியில் பதிவானவை. "அமெரிக்கச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று கம்பெனிகள் வெகுகாலம் வாதாடின. ஹூஸ்டனிலிருந்து நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் போன மாற்றுத்திறனாளிப் பயணிகளும் அவர்களுடன் போனவர்களும் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தங்களிடம் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், உடன் ஆள் வந்தாக வேண்டும் என்றார்கள், நல்ல இடத்தில் இருக்கும் கேபின்கள் தங்களுக்குத் திறக்கப்படவே இல்லை என்பவை அவர்களுடைய புகார்களில் சில. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து பயணிகளை ஏற்றும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கும் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005-ல் தீர்ப்பு வந்தது. கப்பலின் அமைப்பை நிரந்தரமாக மாற்றச் சொல்வதில் நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் கட்டணம், முன்பதிவு போன்ற நடைமுறைகளில் கொடியைக் காட்டித் தப்பிக்க இனி வழியில்லை.

அதன் பிறகு 2010-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை பயணிகள் கப்பல்களுக்கென்று தனி விதி வெளியிட்டது. கூட்டாட்சி விதித் தொகுப்பில் 49-ம் தலைப்பு, 39-ம் பகுதி. அதில் 39.39 என்ற பிரிவு முழுக்க உங்கள் கேள்வியைப் பற்றியதுதான். அது சொல்வது இது. ஒரு வகுப்பில் இருக்கும் மற்ற எல்லா கேபின்களும் விற்றுத் தீரும்வரை வீல்சேர் கேபினை மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கேட்பவரிடம், "இதில் தங்கப்போகும் யாருக்காவது நடமாட்டக் குறைபாடோ, இந்த கேபினின் வசதிகள் தேவைப்படும் வேறு குறைபாடோ இருக்கிறதா" என்று கம்பெனி கட்டாயம் கேட்க வேண்டும். எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் டாக்டர் சான்றிதழ் கேட்கக் கூடாது. பொய் சொல்லி எடுத்திருப்பதாகச் சந்தேகிக்க நல்ல காரணம் இருந்தால் விசாரித்தே ஆக வேண்டும். பொய் என்று தெரிந்தால் அந்த ஆளைப் பயணத்திலிருந்தே விலக்கலாம். உங்களுக்கென்று ஒதுக்கிய கேபினை எல்லா விற்பனை வழிகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். போன், இணையம், டிராவல் ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அதே 39-ம் பகுதியில் இன்னொரு சலுகையும் உண்டு, பலருக்குத் தெரியாது. நீங்கள் கேட்கும் வகுப்பில் வீல்சேர் கேபின் இல்லாமல், விலை அதிகமான வகுப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை நீங்கள் கேட்ட வகுப்பின் விலைக்கே தர வேண்டும்.

சான்றிதழ் கேட்கக் கூடாது என்பதைப் பார்த்து, "பிறகு ஏமாற்றுவது சுலபம்தானே" என்று தோன்றும். எனக்கு அந்த விதி சரி என்றே படுகிறது. நரம்புத் தளர்ச்சி நோய், இதய நோய், மூட்டுவாதம் என்று வெளியே தெரியாத காரணங்களுக்காக வீல்சேர் கேபின் தேவைப்படுபவர்கள் நிறைய. ஒவ்வொரு தடவையும் அவர்களைத் தாளோடு அலையவிடுவது அநியாயம். சட்டம் பார்ப்பது நோயின் பேரை அல்ல, அந்த கேபினின் வசதி தேவையா என்பதை. ஓட்டை இருப்பது வேறு இடத்தில்: கேள்வியைக் கேட்காமலே விற்கும் இணையப் பக்கங்களும், ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும் என்று சொல்லிக்கொடுக்கும் ஏஜென்டுகளும்தான் நியாயத்தைக் கெடுக்கிறார்கள்.

இது வெறும் காகித விதி அல்ல. கார்னிவல், ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் மூன்றையும் நடத்தும் தாய் நிறுவனத்தோடு 2015-ல் அமெரிக்க நீதித்துறை ஒப்பந்தம் போட்டது. 62 கப்பல்கள் அதில் அடங்கின. வீல்சேர் கேபின்களை ஒழுங்காக ஒதுக்கித் தரவில்லை என்பது முக்கியப் புகார்களில் ஒன்று. 55,000 டாலர் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 3,50,000 டாலர் இழப்பீடு, பல கப்பல்களில் 3 சதவீத கேபின்களை அணுகல் வசதியோடு மாற்றுவது, முன்பதிவு முறையைத் திருத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். இன்று கார்னிவல் தளத்தில் மூன்று வகை பார்க்கிறீர்களே, அது அங்கிருந்து வந்ததுதான்: முழு அணுகல், கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் அணுகும் வகை, கொஞ்சம் நடக்க முடிந்தவர்களுக்கான "ஆம்புலேட்டரி" வகை.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயணங்கள் கெடுகின்றன. "ஆம்புலேட்டரி" என்று போட்டிருக்கும் கேபின் உங்கள் அம்மாவுக்கு உதவாது. கைப்பிடிக் கம்பிகள் இருக்கும், ஆனால் வீல்சேர் உள்ளே திரும்ப இடம் இருக்காது, குளியலறைக்குள் போகாது. ஒரு பக்க அணுகல் கேபினில் வீல்சேர் போகும், ஆனால் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோரம் ஒட்டியிருக்கும் அல்லது இடைவெளி குறுகலாக இருக்கும். வலது பக்கம் வலுவில்லாத ஒருவர் இடது பக்கமாக மட்டுமே கட்டிலுக்கு மாற முடியும் என்றால், அந்தப் பக்கம் திறந்திருக்கிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "வீல்சேர் கேபின் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் மூன்றில் எதையாவது கொடுத்து "ஆம்" என்பார்கள்.

ஆகவே அளவு கேளுங்கள். கேபினின் அம்சங்களைப் பயணியே முடிவெடுக்கும் அளவுக்கு விவரமாகச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. சாதாரண கேபின் கதவின் இடைவெளி பெரும்பாலும் 22, 23 அங்குலம்தான். வீல்சேர் கேபினில் குறைந்தது 32 அங்குலம், அதாவது 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே 60 அங்குல வட்டத்துக்கு, ஏறக்குறைய 152 சென்டிமீட்டருக்கு, இடம் இருந்தால்தான் வீல்சேர் முழுச் சுற்றுத் திரும்பும். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டும் படி கப்பல்களில் உயரமாக இருக்கும். அது இல்லாமலோ, சரிவு வைத்தோ இருக்க வேண்டும். உள்ளே நேராக உருட்டிக்கொண்டு போகும் ஷவர், மடக்கு இருக்கை, டாய்லெட்டின் உயரம் 17 முதல் 19 அங்குலம், பக்கத்தில் மாறி உட்கார வெற்றிடம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அம்மாவைத் தூக்கும் ஹாய்ஸ்ட் பயன்படுத்துகிறீர்களென்றால் கட்டிலுக்கு அடியில் அதன் கால்கள் போக எத்தனை அங்குலம் காலி என்பது முக்கியம். சில கட்டில்களுக்கு அடியில் பெட்டி மாதிரி மூடியிருப்பார்கள், ஹாய்ஸ்ட் போகவே போகாது. பால்கனி கேபின் என்றால் வாசல் படிக்குச் சரிவுப் பலகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் அம்மா கடலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும், பணம் மட்டும் பால்கனிக்குப் போயிருக்கும்.

இத்தனையும் ஈமெயிலில் எழுதி, கேபின் எண்ணோடு பதில் வாங்குங்கள். ஒரே கப்பலில் ஒரே வகை என்று போட்டிருக்கும் இரண்டு கேபின்களின் குளியலறைகள் எதிரெதிர்ப் பக்கமாக அமைந்திருக்கலாம்.

இனி, "ஒன்றும் இல்லை" என்று தளம் காட்டுவதைப் பற்றி. அதை அப்படியே நம்ப வேண்டாம். வீல்சேர் கேபின்கள் தனிக் குறியீட்டில் வைக்கப்பட்டிருக்கும். சில தளங்களில் தேடலின் தொடக்கத்திலேயே அணுகல் வசதி தேவை என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் அவை கண்ணில் படும். சில தளங்களில் எதையும் காட்டாமல் போன் செய்யச் சொல்வார்கள். தவிர, சில கேபின்கள் குழுப் பதிவுகளுக்குள் மாட்டியிருக்கும். கல்யாணக் கூட்டம், கம்பெனிக் கூட்டம் என்று மொத்தமாக எடுத்த ஏஜென்டின் கையில் வீல்சேர் கேபின் சும்மா கிடக்கும், குழு அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை வெளியே தெரியாது.

பொது விற்பனை எண்ணில் பேசாமல், கம்பெனியின் அணுகல் சேவைப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இந்தத் தேதி, இந்தக் கப்பல். முழு நேர வீல்சேர் பயணி. முழு அணுகல் கேபின் வேண்டும். இந்த வகுப்பில் சாதாரண கேபின்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அப்படியானால் அணுகல் கேபின்கள் அத்தனையும் தேவைப்படுபவர்களிடம்தான் இருக்கின்றனவா? உறுதிமொழி வாங்கியிருக்கிறீர்களா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள்." இந்தக் கேள்விக்குள் 39.39 முழுவதும் இருக்கிறது. உறுதிமொழிப் படிவம் வராத முன்பதிவுகள் இருந்தால் அவர்கள் அந்தப் பயணிகளைத் தொடர்புகொண்டு, தேவையில்லாதவர்களை வேறு கேபினுக்கு மாற்ற முடியும். பல கம்பெனிகளின் பயண ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. உடனே நடக்காவிட்டாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடச் சொல்லி, பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். வார நீளக் குரூஸ்களுக்கு அது பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்னால் வரும். அந்த நாளுக்கு முந்தைய வாரத்தில் ரத்துகள் குவியும், அபராதம் இல்லாமல் விலகக் கடைசி வாய்ப்பு அதுதான் என்பதால். அந்த வாரம் தினமும் காலையில் போன் செய்யுங்கள். முடிந்த பின் இரண்டு மூன்று நாளும் விடாதீர்கள். பணம் கட்டாத முன்பதிவுகள் தானாக ரத்தாகி கேபின்கள் திரும்பி வரும் நேரம் அது.

அடுத்த தடவைக்கு: பயண அட்டவணை ஒன்றரை, இரண்டு வருடம் முன்னதாகவே திறக்கும். அப்போதே திரும்பக் கிடைக்கும் டெபாசிட் கட்டிப் பிடித்துவிடுவதுதான் நிச்சயமான வழி. ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்று தேதிகளில் மூன்று வீல்சேர் கேபின்களைப் பிடித்து வைக்காதீர்கள். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே தேவை உள்ளவர்கள்தான், விதியும் இதைத் தடுப்பதில்லை. இருந்தாலும் பல மாதங்கள் பூட்டிக் கிடக்கும் அந்த இரண்டு கேபின்களைத் தேடி இன்னொரு அம்மாவின் பிள்ளைகள் போன் செய்துகொண்டிருப்பார்கள்.

கேபின் கையில் வந்த பிறகும் நழுவ வழிகள் உண்டு. முன்பதிவு முடிந்ததும் சிறப்புத் தேவைப் படிவம் ஒன்று வரும். அதைக் கெடுவுக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் கேபினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. ஏஜென்ட் மூலம் எடுத்தால் படிவம் அவருடைய மெயிலில் தூங்கிக்கொண்டிருக்கலாம், கேட்டு வாங்குங்கள். வீல்சேரின் அகலம், எடை, பேட்டரி வகை, அவசர நேரத்தில் தூக்கிச்செல்ல ஆள் தேவையா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் "தேவை" என்று எழுதுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது, படியில் இறக்க ஆட்களை முன்கூட்டியே நியமிப்பது அந்தப் பதிலை வைத்துத்தான்.

"கேரண்டி" என்று மலிவு விலையில் விற்பதை எடுக்காதீர்கள். அதில் கேபினைக் கம்பெனிதான் பிறகு தீர்மானிக்கும். அதேபோல, பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு "ஏலம் கேளுங்கள், பெரிய கேபினுக்கு மாறுங்கள்" என்று மெயில் வரும். அதைத் தொடவே வேண்டாம். ஏலம் ஜெயித்து வீல்சேர் நுழையாத ஆடம்பர கேபினுக்குப் போய்ச் சேரலாம். விலை குறைந்திருக்கிறதென்று ஏஜென்ட் பழைய முன்பதிவை ரத்து செய்து புதிதாகப் போடுவதும் ஆபத்து. ரத்தான அந்த நிமிஷத்தில் கேபின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும், வேறு யாராவது எடுத்துவிடலாம். அதே முன்பதிவு எண்ணுக்குள்ளேயே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் நான்கு பேர் ஒரே கேபினில் தங்க நினைத்தால் முன்பே சொல்லுங்கள். பல வீல்சேர் கேபின்களில் இரண்டே படுக்கைதான் இருக்கும், மேலே மடக்கும் படுக்கை இருக்காது. பக்கத்துக் கேபினோடு உள்கதவு இருக்கும் வீல்சேர் கேபின் கேட்கலாம், எண்ணிக்கையில் குறைவு. அம்மா கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் அந்த கேபினில் மற்றவர்கள் தொடர உரிமை இல்லை. வேறு கேபினுக்கு மாற்றினால் முகம் சுளிக்காமல் மாறிக்கொள்வதே நியாயம்.

யாருக்கு இந்த கேபின் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டுப்பாட்டில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. காது கேளாதவர்களுக்கு அதிரும் அலாரம், விளக்கு எரியும் அழைப்பு மணி கொண்ட பெட்டி ஒன்று தருவார்கள். அதை எந்த கேபினிலும் பொருத்தலாம். குச்சி ஊன்றி நடப்பவர்களுக்கு ஷவர் ஸ்டூலும் டாய்லெட் உயர்த்தியும் சாதாரண கேபினிலேயே இலவசமாகத் தருவார்கள், படிவத்தில் கேட்டால் போதும். தூரம் நடக்க மட்டும் முடியாமல் ஸ்கூட்டர் பயன்படுத்துபவர்கள்தான் நடுவில் மாட்டுகிறார்கள். ஸ்கூட்டரைத் தாழ்வாரத்தில் நிறுத்த விடமாட்டார்கள், தீ விபத்து வழி என்பதால். கேபினுக்குள்தான் வைக்க வேண்டும். 23 அங்குலக் கதவுக்குள் பெரிய ஸ்கூட்டர் போகாது. மடக்கும் சிறிய ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தால் சாதாரண கேபின் போதும், துறைமுகத்துக்கே கொண்டுவந்து தரும் வாடகைக் கம்பெனிகள் இருக்கின்றன. மடக்கும் ஸ்கூட்டர் உடம்புக்கு ஒத்துவராதவர்கள் வீல்சேர் கேபின் எடுப்பதில் தவறே இல்லை.

கரைக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பவர் வீல்சேரை அதில் ஏற்ற அனுமதி பெரும்பாலும் கிடைக்காது. கேபின் தேடும்போதே எந்தெந்த ஊரில் கப்பல் நேராகத் துறையில் கட்டும் என்று பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனையும் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்கு. ஐரோப்பாவில் கிளம்பினால் 1177/2010 எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை இருக்கிறது, 2012 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பாதுகாப்புக் காரணம், கப்பல் அல்லது துறைமுக அமைப்பு இடங்கொடாதது என்ற இரண்டைத் தவிர வேறு எதற்கும் முன்பதிவை மறுக்கக் கூடாது. மறுத்தால், கேட்டுக்கொண்டதும் காரணத்தை 5 வேலை நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். தங்குமிடத் தேவையை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். உடன் ஆள் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டால் படகுப் போக்குவரத்தில் அவருக்கு டிக்கெட் இலவசம், குரூஸில் அந்தச் சலுகை இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி அமெரிக்காவைத் தொடாமல் திரும்பும் கப்பலுக்கு 39.39 பொருந்தாது, கம்பெனியின் சொந்தக் கொள்கையை நம்பித்தான் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன எம்ப்ரஸ் 1990-ல் கட்டிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் அளவுகளை இரண்டு மடங்கு கவனமாகக் கேட்க வேண்டும். இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தில் அணுகல் வசதி பற்றிப் பேசுகிறது, ஆனால் கப்பல் கேபினை எந்த வரிசையில் விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. 39.39 போல ஒன்று இங்கேயும் எழுதப்பட வேண்டும்.

கப்பல் ஏறும் நாளில் முதலில் வரிசையில் நில்லுங்கள், கேபின் திறந்ததும் சாப்பிடப் போகாமல் அங்கே போங்கள். அளவுநாடா கையில் இருக்கட்டும். வீல்சேரை குளியலறைக்குள் ஓட்டிப் பாருங்கள், ஷவர் இருக்கை ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள், கட்டில் தவறான பக்கம் தள்ளிப் போட்டிருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். ஒதுக்கிய கேபின் வேறாக இருந்தாலோ, சொன்ன அளவு இல்லாவிட்டாலோ, கப்பல் கிளம்புவதற்குள் வரவேற்பு மேசைக்குப் போய் "புகார் தீர்வு அதிகாரியை அழையுங்கள்" என்று கேளுங்கள். அப்படி ஒருவரை நியமிப்பதும், நீங்கள் கேட்டால் அவரோடு நேரிலோ போனிலோ பேச வைப்பதும் அதே 39-ம் பகுதியின்படி கம்பெனியின் கடமை. ஈமெயிலில் வாங்கிய அளவுகளையும் கேபின் எண்ணையும் அவரிடம் காட்டுங்கள்.